எல்லோரும் பாஸான வருடம்

1

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் போன மாதம் தரையை மாற்றினார்கள். அதற்காக மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய அலமாரியை நகர்த்தியபோது, அதன் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடிக் காலடி ஒட்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் எட்ட எட்ட நிற்பதற்காக நானே முழங்காலிட்டு ஒட்டிய ஸ்டிக்கர்களில் ஒன்று. மற்றதையெல்லாம் எப்போதோ சுரண்டி எடுத்துவிட்டேன். இது ஒன்று தப்பியிருக்கிறது.

கூட இருந்த இளைஞன் அதைப் பார்த்து, "இது என்ன, நடனம் கற்றுக்கொடுப்பதற்கா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, ஊரில் இருக்கும் என் அக்காவின் குரலும் காதில் கேட்டது. "தம்பி, அங்க பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்களாமே, என்னடா பண்றீங்க?"

அந்த இரண்டு வருடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்து விட்டுவிட்டேன். எல்லோர் வீட்டிலும் நடந்ததுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது நான் கடல் தாண்டி இருந்தும், என் வீட்டுப் பிள்ளையை மீன்சுருட்டியில் இருந்த இரண்டு பேர் கைதூக்கி விட்டார்கள். அதைச் சொல்லிவிட வேண்டும்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் எலெக்ட்ரீசியனாக இருந்தேன். மனைவி அமுதாவுக்குச் சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூர். அவள் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். வந்த புதிதில் என் டிப்ளமோவை மதிப்பிட்டுச் சொல்ல இங்குள்ள அலுவலகம் பல மாதம் எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்த பதிலில் என் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்றும் இந்த நாட்டில் பாதிக் காகிதங்களில் நான் என் அப்பாவின் பெயரால்தான் அறியப்படுகிறேன். எப்படியோ ஒரு பள்ளியின் கட்டடப் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. பூட்டுத் திறப்பது, பல்பு மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, பனியில் உப்புப் போடுவது எல்லாம் நான்தான்.

எங்களுக்கு ஒரே மகள், கயல்விழி. கைக்குழந்தையாக வந்தவள். தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பத்து வயதுக்கு மேல் பதிலும் குறைந்துவிட்டது.

என் அக்கா தமிழரசி மீன்சுருட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மச்சானுக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை. இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

பள்ளிகளை மூடியபோது கயலுக்கு இங்கே பத்தாவதுக்குச் சமமான பொதுத்தேர்வு வரவிருந்தது. ஒரே அறிவிப்பில் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆசிரியர்களே மதிப்பெண் போடுவார்கள் என்றார்கள். ஊரில் அப்படி ஒரே அறிவிப்பாக முடியவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். பிறகு தேதி சொன்னார்கள். அந்தத் தேதியையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா எனக்குப் போன் செய்வாள்.

"பரீட்சை உண்டுங்கறாங்க, நாளைக்கு இல்லங்கறாங்க. புள்ளைங்க எனக்குப் போன் பண்ணி, டீச்சர் படிக்கணுமா வேணாமான்னு கேக்குதுங்க. நான் என்னத்தடா சொல்ல?"

"நீ என்ன சொன்னே?"

"படிங்கன்னேன். வேற என்ன சொல்றது. ஆனா எனக்கே பயமா இருக்கு செல்வம். பஸ் ஓடல. முந்திரிக் காட்டுக்கு அந்தாண்ட இருந்து வர்ற புள்ளைங்க எப்படி வரும்? ஒரு ஷேர் ஆட்டோல பத்து பேரு ஏறி வந்து, ஹால்ல வந்து எட்ட எட்ட ஒக்காந்து என்ன பிரயோஜனம்? நான் அங்க நின்னுட்டு வூட்டுக்கு வந்தா ஒங்க மச்சானுக்கு என்ன ஆகும்?"

தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டு அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் மனு கொடுத்தபோது அக்காவும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அன்று சாயங்காலமே என்னிடம் அழுதாள். காரணம் அபிநயா என்ற ஒரு மாணவி.

3

அபிநயாவின் அப்பா வெல்டிங் வேலை செய்பவர். அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வரும் பெண். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். பாதிப் பரீட்சை எழுதவில்லை. "பரவாயில்லம்மா, பப்ளிக்ல பாத்துக்கலாம்" என்று அக்காதான் அவளைத் தேற்றியிருந்தாள்.

இப்போது பொதுத்தேர்வே இல்லையென்றால்?

அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பரீட்சை வச்சா பயமா இருக்கு. வைக்கலன்னா அந்தப் புள்ளைக்கு அநியாயமா இருக்கு. ரெண்டுல எது நடக்கணும்னு நான் வேண்டிக்கிறதுன்னே தெரியலடா."

கடைசியில் தேர்வை ரத்து செய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்து மதிப்பெண் என்றும், எல்லோருக்கும் தேர்ச்சி என்றும் அறிவித்தார்கள். ஊரெல்லாம் பிள்ளைகள் கொண்டாடின. அக்காவுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது. மறு பக்கம், அபிநயா பாஸாகியும் அவள் மதிப்பெண் கீழே கிடந்தது.

இந்த விஷயத்தை நான் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஹெலனிடம் சொல்லப்போய் ஒரு கூத்து நடந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளி ஓரளவு திறந்தே இருந்தது. ஹெலன் அக்காவைப் பற்றி விசாரித்தாள். நான் உற்சாகமாக, என் அக்காவின் பத்தாம் வகுப்பு மாணவர்கள், "தே ஆல் பாஸ்டு" என்றேன். ஹெலன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் இங்கே இருந்தும், செத்துப்போவதற்கு இவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பதறிப்போய், இல்லை இல்லை, உயிரோடு இருக்கிறார்கள், தேர்வில்தான், என்று விளக்கினேன். இரண்டு பேரும் பள்ளி வராந்தாவில் நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் நிஜமாகவே அழுதாள். அவள் வீட்டில் வயதான அம்மா. பள்ளி முழுதாகத் திறந்தால் தானே நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேனோ என்று அவளுக்கும் பயம். அக்கா மச்சானைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு.

4

ஆகஸ்டில் கயலின் மதிப்பெண் வந்தது. தேர்ச்சிதான். ஆனால் மேலே கணக்கு எடுத்துப் படிக்கப் போதாது. ஜனவரியில் எழுதிய மாதிரித் தேர்வை அவள் சரியாக எழுதவில்லை. அதையும் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

"இது என் மார்க் இல்லப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அறையை விட்டு வரவில்லை. அமுதா ஆஸ்பத்திரியில் இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு வருவாள். நான் பள்ளிக்குப் போய்விடுவேன். பிள்ளை நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தது. சாப்பிட்ட தட்டு மட்டும் கதவுக்கு வெளியே வரும். அவளுடைய ஆங்கிலத்தில் அவளைத் தேற்ற எனக்கு வராது. என் தமிழில் தேற்றினால் அவளுக்கு எட்டாது.

அக்காவிடம் சொன்னேன். அவளே வழி சொன்னாள். "சாயங்காலம் என் வூட்டு மொட்டமாடில அபிநயாவோட சேத்து நாலு பொண்ணுங்க வந்து ஒக்காருதுங்க. பதினொன்னாவதுக்குக் கணக்கு சொல்லித்தரேன். முகத்த மூடிக்கிட்டு, ஆளுக்கொரு மூலைல. ஒம் பொண்ணையும் போன்ல ஒக்காரச் சொல்லு."

"அவ வரமாட்டாக்கா."

"எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு சரியா வரல, இந்தப் பொண்ணுங்களுக்கு அவ படிச்சுக் காட்டணும்னு நான் கேட்டேன்னு சொல்லு. கணக்குன்னு சொல்லாத."

அப்படித்தான் கயல் போனாள். எங்கள் மதியம் அவர்களுக்குச் சாயங்காலம். மீன்சுருட்டி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்த்து வைத்த போனில் என் மகள். கீழே நான்கு மூலையில் நான்கு பெண்கள். முதல் வாரம் ஆங்கிலப் பாடம் வாசித்தாள். அப்புறம் ஒரு நாள் அக்கா பலகையில் கணக்கு ஒன்று எழுதி, "கயலு, இதைப் பெருக்கு" என்றிருக்கிறாள்.

"எதை அத்தை? மாடியையா?" என்று கேட்டிருக்கிறாள் இவள். வீட்டில் பெருக்குவதென்றால் எங்களுக்கு விளக்குமாறுதானே. அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு, மதியச் சாப்பாட்டுக்கு வந்து சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. அதைவிட, கயல் சிரித்தது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு.

அபிநயாவும் அவளும் சிநேகிதமானது அப்படித்தான். பாடம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் கயல் பேச்சோடு பேச்சாக, இங்கே மதிப்பெண் பிடிக்காதவர்கள் விரும்பினால் இலையுதிர் காலத்தில் தேர்வு எழுதலாமாம், தான் எழுதப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அபிநயாவின் குரல் மாறிவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒனக்கு எழுத விடுவாங்களா? நெசமாவா?"

"ம். பட் வாட்ஸ் த பாயிண்ட்?"

"எனக்கு விட்டா நான் நாளைக்கே எழுதுவேன் கயலு. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, எழுத முடியல. அப்புறம் எழுதுறதுக்குப் பரீட்சையே இல்ல. ஒனக்கு இருக்குல்ல, அப்புறம் என்ன? போயி எழுது. எனக்காகவாச்சும் எழுது."

கயல் மறுநாள் காலையில் என்னிடம் வந்து, தேர்வுக்குப் பதிந்துகொள்ள யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நவம்பரில் எழுதினாள். எங்கள் பள்ளி ஹாலைப் போலவே ஒரு ஹால். எல்லா ஜன்னலும் திறந்து, குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதினார்களாம். முடிவு வந்தபோது மதிப்பெண் ஒரு படிதான் உயர்ந்திருந்தது. ஆனால் கணக்கு எடுக்க அது போதுமானதாக இருந்தது. "இது என் மார்க்" என்று அமுதாவிடம் காட்டினாள்.

5

அபிநயாவுக்கு அப்படி எழுத வழி இல்லை. அதனால் பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியதுமே அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். கணக்குப் பிரிவில் இடம் கேட்க. அங்கே தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தயங்கினார்.

"டீச்சர், நீங்க சொல்றது புரியுது. ஆனா இதுல இருக்கறதத்தான் நான் பாக்கணும். நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அவங்களுக்கும் குடுங்க சார். இந்த வருஷம் யாரு மார்க்கும் அவங்கவங்க மார்க் இல்ல."

அவர் அபிநயாவிடம் திரும்பியிருக்கிறார். "ஏம்மா, கணக்குல ஒனக்கு என்ன புடிக்கும்?"

"கணக்குதான் சார் புடிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். இடம் கொடுத்தார். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைக்கும்போது அவர் முகம் தெரியாமலேயே வந்து நிற்கிறார்.

6

அடுத்த ஜனவரியில் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தார்கள். திறக்கும் செய்தி வந்ததில் இருந்து அக்கா தூங்கவில்லை என்று மச்சான் சொன்னார். பெஞ்சுக்கு இரண்டு பேர் என்கிறார்கள், பெஞ்ச் எங்கே இருக்கிறது? கை கழுவச் சொல்கிறார்கள், குழாயில் தண்ணீர் எப்போது வரும்? காய்ச்சல் இருக்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அது எதில் வீட்டுக்குப் போகும்? பாடத்தைக் குறைத்திருக்கிறோம் என்கிறார்கள், குறைத்ததையாவது முடிக்க நாள் இருக்கிறதா? இதெல்லாம் அவள் கேள்விகள். குறை சொல்வதற்காகக் கேட்டதல்ல. முதல் நாள் வகுப்புக்குள் நுழையப்போகிறவள் கேட்டது.

"நீங்க அங்க என்னடா பண்றீங்க?" என்றாள்.

ஒட்டிய ஸ்டிக்கரைப் பற்றியெல்லாம் சொல்லாமல், "ஜன்னலத் தொறந்து வைக்கிறோம்க்கா. அதுதான் முக்கியம்ங்கறாங்க" என்றேன்.

"இங்க ஜன்னலே தொறக்காது. கொக்கியெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு."

அதற்கு மட்டும் எனக்கு வழி தெரியும். மறுநாள் பள்ளியில் இருந்து அவள் வீடியோவில் கூப்பிட்டு ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினாள். அபிநயாவின் அப்பா ஒரு கையில் மண்ணெண்ணெயும் ஒரு கையில் சுத்தியலுமாக நின்றார். அவர்தான் வேலை செய்தார். நான் இங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதே சரி. சில கொக்கிகளை வெட்டிப் புதிதாக வைத்துப் பற்றவைத்தார். கடைசி ஜன்னல் திறந்தபோது வெளியே வேப்பமரமும் அதற்கப்பால் கடலைக் காடும் தெரிந்தன. "இத்தன வருஷமா இந்தப் பக்கம் மரம் இருக்கறதே தெரியாம பாடம் எடுத்திருக்கேன்" என்றாள் அக்கா.

திறந்த பள்ளியைச் சில வாரங்களில் மறுபடி மூடினார்கள். கோடையில் இரண்டாவது அலை வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தேடவும் இல்லை. எனக்கு விமானம் இல்லை. மச்சானை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை.

அந்த நாட்களில் அமுதாதான் எங்கள் தைரியம். வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், போனில் அக்காவைக் கூப்பிடுவாள்.

"அண்ணி, குப்புறப் படுங்க. தலைக்குக் கீழ தலகாணி வேணாம், நெஞ்சுக்குக் கீழ வைங்க. ஆமா, அப்படித்தான். பேசாதீங்க. நான் பேசறேன், நீங்க மூச்ச மட்டும் விடுங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் அதைக் கேட்டுக் குப்புறப் படுத்தார்களாம். மீன்சுருட்டியில் தனியாக இருந்த மச்சானுக்கு அபிநயாவின் அம்மா வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கேட்டைத் தட்டிவிட்டுப் போவார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அக்கா வீடு திரும்பினாள். அவளோடு வேலை பார்த்த ஒரு தமிழ் ஐயா திரும்பவில்லை. இதை எழுதும்போதும் அவர் குடும்பத்தை நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

7

இந்தப் பொங்கலுக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனோம். அபிநயா பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் அவள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வை எழுதினாள், நன்றாக எழுதினாள். கல்லூரியில் இவர்களைக் 'கொரோனா பேட்ச்' என்று கிண்டல் செய்வார்களாம். "சொல்லிட்டுப் போறாங்க, மார்க்கப் பாத்துட்டு அப்புறம் பேசட்டும்" என்கிறாள்.

அவள் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியதும் கயலை மேலும் கீழும் பார்த்தாள். "ஏய், நீ இவ்ளோ வளத்தியா? போன்ல தலை மட்டுந்தானடி தெரிஞ்சுது!" என்றாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். சாயங்காலம் இருவரும் எங்களைக் கேட்காமலே ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். கவன்ட்ரியில் பக்கத்துத் தெருவுக்குக்கூட எங்களோடு வர யோசிக்கிற பெண்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நானும் அக்காவோடு பள்ளிவரை போனேன். வழியில் அவள் கவலை வேறாக இருந்தது. இப்போது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் அப்போது மூன்றாவதில் இருந்தவர்கள். வகுத்தல் கற்க வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவர்கள். "இன்னமும் சிலதுங்களுக்கு வகுத்தல் வரல. அடுத்த வருஷம் பப்ளிக். இவங்களுக்கு யாரும் ஆல் பாஸ் போடப் போறதில்ல" என்றாள். காலை வகுப்புக்கு முன்னால் அவர்களுக்குத் தனியாக எடுக்கிறாளாம்.

பள்ளி வாசலில் நின்றோம். பல வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீ மட்டும் கயல..."

"நிறுத்து" என்றாள். "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியும். நான் சொல்றதக் கேளு. பள்ளிக்கூடத்த மூடினதும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். சம்பளம் வருது, வேலையில்ல. ரேஷன் கடைல ஒருத்தன், டீச்சருங்களுக்கு என்ன, ஒக்காந்து திங்கறாங்கன்னு காது படச் சொன்னான். நான் வூட்டுக்கு வந்து ஒங்க மச்சானுக்குத் தெரியாம அழுதேன். என்னை டீச்சர்னு கூப்பிட ஆளே இல்லடா. அப்பத்தான் அந்த நாலு பொண்ணுங்களும் வந்துச்சுங்க. ஒம் பொண்ணு போன்லேருந்து, அத்தை கேக்குதா, கேக்குதான்னு கத்துவா. அதக் கேக்கத்தான் நான் சாயங்காலம் வரைக்கும் உசுரோட ஒக்காந்திருப்பேன். நான் அவளத் தூக்கிவிட்டேன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க."

உள்ளே மணி அடித்தது. "நேரமாச்சு, நான் போறேன். வெயிலுக்கு முன்ன வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

நான் போகாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த வகுப்பில் இருந்து பிள்ளைகள் மொத்தமாக எழுந்து, நாம் எல்லோரும் ஒரு காலத்தில் இழுத்து இழுத்துச் சொன்னதைப் போலவே, "வணக்…கம் டீச்…சர்" என்று சொல்வது கேட்டது.

"வணக்கம். எல்லாரும் ஒக்காருங்க" என்றாள் அக்கா.